நாற்பது டாலருக்கு அடிலெய்டின் தெருப்பெயர்கள்

முப்பத்து நான்கு வருடம் மயிலாடுதுறைப் பக்கம் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த ஊருக்குப் போனாலும் தெருவின் அகலமும் மூலைக்கல்லும்தான் முதலில் கண்ணில் படும். அடிலெய்டில் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தபோது, ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காலை, அவள் எனக்கு ஒரு நடைச் சுற்றுலாவுக்கு இடம் பதிவு செய்துகொடுத்தாள். நகரத்துத் தெருக்களுக்குப் பெயர் வந்த விதத்தை நடந்துகொண்டே சொல்கிறார்கள். இரண்டரை மணி நேரம், ஒருவருக்கு 40 டாலர். நடத்துபவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, தனியாளாகச் செய்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. மகளுக்கு இந்தத் தகவல் கிடைத்தது பக்கத்து நூலகத்தின் அறிவிப்புப் பலகையில்.

பிள்ளைகள் வீட்டுக்கு ஆஸ்திரேலியா போய், பகலெல்லாம் என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் நம் வயதுக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். கட்டாயம் போகலாம். ஆனால் எனக்கு ஒரு பெரிய குறை இருக்கிறது, அதையும் சொல்கிறேன்.

வடக்கு டெரஸும் கிங் வில்லியம் தெருவும் சேரும் முனையில் கூடினோம். ஒன்பது பேர். ஆளுக்கு ஒரு மடித்த வரைபடம் கொடுத்தார், 1837ஆம் ஆண்டுத் திட்டத்தைப் பார்த்து அவரே வரைந்தது. அப்புறம் நேராக ரண்டில் மால் பக்கம் கூட்டிப்போனார். அது ரண்டில் தெருவின் ஒரு பகுதி. 1976இலிருந்து வண்டி போகாத கடைத்தெரு. பையிலிருந்து ஒரு நைலான் கயிற்றை எடுத்து, யாராவது ஒரு முனையைப் பிடியுங்கள் என்றார். நான் பிடித்தேன். கடை வாசலிலிருந்து எதிர்க்கடை வாசல் வரை இழுத்தால் கயிறு அச்சாகப் பொருந்தியது. 66 அடி. ஒரு செயின்.

என் கை அந்தக் கயிற்றை எப்படிப் பிடித்தது என்பதை அவர் பார்த்துவிட்டார். நீங்கள் இந்த வேலை பார்த்தவரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதிலிருந்து அளவு பற்றிப் பேச்சு வந்தபோதெல்லாம் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத்தான் பேசினார்.

நூறு லிங்க் ஒரு செயின், பத்து சதுர செயின் ஒரு ஏக்கர், அதுவே நூறு சென்ட். நம் ஊரில் இன்றைக்கும் மனை விற்கிற அந்த சென்ட் கணக்கின் தாய்தான் இந்தச் சங்கிலி. கர்னல் வில்லியம் லைட் அதை வைத்துத்தான் அடிலெய்டை அளந்தார். 1837 ஜனவரி 11இல் வடக்கு டெரஸும் மேற்கு டெரஸும் சேரும் மூலையில் தொடங்கி, மார்ச் 10இல் முடித்துவிட்டார். மொத்தம் 1,042 மனைகள். ஆற்றுக்குத் தெற்கே 700, வடக்கே 342. ஒவ்வொன்றும் ஒரு ஏக்கர். அந்த ஊர்க் கோடைக் காலத்தில், கொஞ்சம் ஆட்களை வைத்துக்கொண்டு, இரண்டே மாதத்தில். கூட வந்தவர்கள் இதைச் சாதாரணமாகக் கேட்டுக்கொண்டார்கள். எனக்கு அங்கேயே நின்று ஒரு கும்பிடு போடலாம் போலிருந்தது. செயின் இழுத்தவனுக்குத்தான் அது எவ்வளவு வேலை என்று தெரியும்.

கிங் வில்லியம் தெரு இரண்டு செயின் அகலம், கிட்டத்தட்ட 40 மீட்டர். மோட்டார் வண்டியே இல்லாத காலத்தில் அவ்வளவு அகலம் விட்ட மனிதர்.

மனைகளை அளந்தாயிற்று. தெருக்களுக்குப் பெயர் வைக்க 1837 மே 23இல் ஒரு குழு கூடியது. ஆளுநர் ஹிண்ட்மார்ஷ், நீதிபதி ஜெஃப்காட், ரெசிடென்ட் கமிஷனர் ஜேம்ஸ் ஹர்ட்டில் ஃபிஷர், காலனிச் செயலர் ராபர்ட் கூஜர், பொருளாளர் ஆஸ்மண்ட் கில்ஸ், லைட் என்று அன்றைய அடிலெய்டின் பெரிய மனிதர்கள். தெருப்பட்டியலைப் பார்த்தால் குழுவில் இருந்தவர்களில் பலருக்கே ஒரு தெருவோ சதுக்கமோ அமைந்திருக்கிறது. மீதியெல்லாம் லண்டனுக்குப் போனது.

இங்கேதான் ஆசிரியை தன் திறமையைக் காட்டுகிறார். வெறுமனே இவர் இன்னார் என்று ஒப்பிப்பதில்லை. ஒரு தெரு முனையில் நிறுத்தி, இந்த மனிதர் எப்போதாவது இங்கே வந்து நின்றாரா என்று நம்மைக் கேட்கிறார். ரண்டில் தெருவின் ஜான் ரண்டில், டாவிஸ்டாக் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். வரவில்லை. ஹிண்ட்லி தெருவின் சார்லஸ் ஹிண்ட்லி, பஞ்சாலை முதலாளி. வரவில்லை. கரி தெரு, வேமத் தெரு, பிரி தெரு எல்லாம் தென் ஆஸ்திரேலியக் கம்பெனியின் இயக்குநர்கள். யாரும் வரவில்லை. க்ரென்ஃபெல் மட்டும் தேவாலயம் கட்ட வடக்கு டெரஸில் ஒரு மனையைக் கொடுத்தார், அதுவும் இங்கிலாந்தில் இருந்தபடியே. க்ரோட் தெருவின் ஜார்ஜ் க்ரோட் கிரேக்க நாட்டு வரலாறு எழுதியவர், அவரும் வரவில்லை. இப்படி ஏழெட்டுத் தெருவைத் தாண்டும்போது நமக்கே வாயில் வந்துவிடுகிறது, வரவில்லை என்று. நல்ல ஆசிரியர்கள் இப்படித்தான் பாடம் நடத்துவார்கள்.

தெருக்கள் கிங் வில்லியம் தெருவைக் கடக்கும்போது பெயர் மாறுவதை அங்கே போன எல்லோரும் கவனித்திருப்பார்கள். மேற்கே ஹிண்ட்லி, கிழக்கே ரண்டில். மேற்கே கரி, கிழக்கே க்ரென்ஃபெல். அரசனின் பாதையை எவரும் குறுக்கே கடக்கக் கூடாது, அதனால்தான் என்று ஊரில் ஒரு கதை. என் மகளும் பத்து வருடமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். ஆசிரியை சிரித்துவிட்டு, நாம் கூடிய இடத்தை நினைத்துப் பாருங்கள் என்றார். வடக்கு டெரஸ் அரசனின் தெருவைத் தாண்டியும் வடக்கு டெரஸாகவே போகிறது! இத்தனை எளிய சான்று கண்ணெதிரே இருக்கும்போதும் கதை நிற்கிறது. அந்த அரசர் நான்காம் வில்லியமோ, பெயர் வைத்து ஒரு மாதம்கூட ஆகாமல் ஜூன் 20ஆம் தேதி இறந்துவிட்டார். சதுக்கத்துக்கு இளவரசி விக்டோரியாவின் பெயரை வைத்தார்கள். கப்பலில் செய்தி வந்து சேர்வதற்குள் அவர் ராணியாகிவிட்டிருந்தார்.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஃபிராங்க்லின் தெருவும் ஃபிளிண்டர்ஸ் தெருவும். ஒரே நேர்கோடு, அரசனின் தெருவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. மேத்யூ ஃபிளிண்டர்ஸ் 1802இல் இந்தக் கடற்கரையைக் கப்பலிலிருந்து அளந்து வரைபடம் போட்டவர். அந்த இன்வெஸ்டிகேட்டர் கப்பலில் மிட்ஷிப்மேனாக இருந்த பையன்தான் ஜான் ஃபிராங்க்லின். பையன் வளர்ந்து டாஸ்மேனியாவின் ஆளுநரான பிறகு, போர்ட் லிங்கனில் தன் பழைய கேப்டனுக்கு நினைவுத்தூண் எழுப்பினார். குருவும் சீடனுமாக இரண்டு பேரும் ஒரே கோட்டில் கிடக்கிறார்கள்.

சில குறைகளைச் சொல்லிவிடுகிறேன். ஒலிபெருக்கி கிடையாது. கிங் வில்லியம் தெருவில் டிராம் போகும்போது பின்னால் நிற்பவர்களுக்கு ஒன்றும் கேட்காது. முன்னால் போய் நின்றுகொள்ளுங்கள். முதல் ஒன்றரை மணி நேரம் உட்கார இடமே கிடையாது. முதியவர்களுக்குச் சலுகைக் கட்டணமும் இல்லை. அவர் கொடுத்த வரைபடத்தில் வேக்ஃபீல்ட் தெருவுக்கு எட்வர்ட் கிப்பன் வேக்ஃபீல்டின் பெயரைப் போட்டிருக்கிறார். காலனித் திட்டத்தை வகுத்தவர் என்பதால் எல்லோரும் அவரைத்தான் நினைப்பார்கள். ஆனால் தெரு அவர் தம்பி டேனியலுக்கு உரியது, தென் ஆஸ்திரேலியச் சட்டத்தை எழுதிக்கொடுத்த வழக்கறிஞர். நான் போவதற்கு முன்பே நூலகத்தில் படித்திருந்தேன். மெதுவாகத் தனியே சொன்னேன். கோபப்படாமல் குறித்துக்கொண்டார்.

இன்னொன்று, உச்சரிப்பு. அவர் வாயால் கேட்டுக்கொள்ளுங்கள், ரொம்பப் பயன்படும். நான் இரண்டு மாதமாக எழுத்தைப் பார்த்துக் கௌகர் தெரு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அது கூஜர்.

அடுத்தது லைட் சதுக்கம். நகரத்தை அளந்தவர் அங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறார். தூணின் உச்சியில் வெண்கலத்தில் ஒரு தியோடலைட். உலகத்தில் எத்தனையோ தளபதிகளுக்குக் குதிரை மேல் சிலை இருக்கிறது. ஒரு சர்வேயருக்கு அவர் கருவியையே தலைக்கு மேல் வைத்திருக்கும் இடத்தை நான் முதல்முறையாக அங்கேதான் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது. நகரத்தை முடித்தபின் வெளியே உள்ள நிலங்களையும் வேகமாக, அரைகுறையாக அளந்து கொடு என்று லண்டன் நெருக்கியபோது, அப்படிச் செய்ய மாட்டேன் என்று 1838இல் வேலையை விட்டவர். 1839 அக்டோபர் 6இல், 53 வயதில், காசநோயில் இறந்தார். மேலிருந்து வரும் அவசரத்துக்கு அளவை விட்டுக்கொடுக்காத அதிகாரியை எனக்கு வேறு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

லைட் பிறந்தது மலாய் நாட்டுக் கெடாவில். அப்பா பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் ஜார்ஜ் டவுனை நிறுவியவர், தாய் மார்டினா ரோசெல்ஸ் ஒரு யூரேசியப் பெண். அங்கேயும் ஒரு லைட் தெரு உண்டு. நம் மரைக்காயர்களின் பெயரில் இருக்கும் சூலியா தெருவும் அந்த ஊரின் முதல் தெருக்களில் ஒன்று. மகன் அடிலெய்டை அளக்கும் முன் அப்பா ஒரு ஊரைக் கட்டியிருந்தார். ஆசிரியை இதை ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டார். நான் இன்னும் கேட்க விரும்பினேன்.

இப்போது அந்தப் பெரிய குறை. லைட் சதுக்கத்தின் பலகையில் இன்னொரு பெயரும் இருக்கிறது: வௌவி. விக்டோரியா சதுக்கத்தில் தண்டாஞங்கா. அடிலெய்டு நகராட்சி, அந்த நிலத்தின் பூர்வகுடிகளான கௌணா மக்களோடு சேர்ந்து 1990களின் கடைசியில் தொடங்கி 2012இல் முடித்த வேலை இது: பூங்காக்களுக்கும் ஆறு சதுக்கங்களுக்கும் அந்த மண்ணின் மொழியில் இரண்டாவது பெயர். ஆறில் ஐந்து சதுக்கங்கள் முதலில் ஆண்களின் பெயரில் இருந்தவை: லைட், ஹிண்ட்மார்ஷ், ஹர்ட்டில், விட்மோர், வெலிங்டன். அந்த ஐந்துக்கும் இரண்டாவதாக வைத்தவை ஐந்து பெண்களின் பெயர்கள். வௌவி, முகாட்டா, தங்கைரா, இபரிச்சி, குட்னாட்டு. இந்த ஒரு செய்திக்காகவே நாற்பது டாலர் கொடுக்கலாம். ஆனால் ஆசிரியை இந்த இடத்துக்கு வந்தபோது கடிகாரத்தில் மீதி இருந்தது பதினைந்து நிமிடம். லண்டன்காரர்கள் ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம் கொடுத்தவர், இந்தப் பெண்களை ஒரே மூச்சில் வாசித்து முடித்தார்.

எனக்கு அது ஆறவில்லை. எல்லோரும் போனபின் விக்டோரியா சதுக்கத்துப் பெஞ்சில் அவரோடு உட்கார்ந்தேன். அவர் நல்ல மனது, இன்னொரு அரை மணி நேரம் இருந்தார்.

நான் குறிப்பேட்டில் ஆங்கிலப் பலகையைப் பார்த்து ‘கௌர்ணா’ என்று எழுதி வைத்திருந்தேன். அவர் சொல்லிக் காட்டியபோதுதான் தெரிந்தது, அந்த ர் உச்சரிக்க வேண்டிய எழுத்தே இல்லை. நாக்கை மடிக்கிற ண-வைக் காட்ட ஆங்கிலத்தில் எழுத்து இல்லாததால் இரண்டு எழுத்தைச் சேர்த்து எழுதுகிறார்கள். நமக்கு ஒரே எழுத்து, கௌணா. சதுக்கத்தின் பெயரும் அப்படித்தான். ஆண் சிவப்புக் கங்காருவுக்கு அவர்கள் சொல் தண்டா. பலகையில் நீளமான ஆங்கில எழுத்து வரிசையாகத் தெரிவது நம் எழுத்தில் தண்டாஞங்கா, நாலே உயிர்மெய்யும் இரண்டு மெய்யும். ஞ-வும் ங-வும் தமிழில் தனித்துப் புழங்குவது அபூர்வம் என்று பள்ளியில் படித்தோம். அங்கே ஒரு நகரத்தின் நடுவில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதி, எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டினேன். கூட வந்த யாரையும்விட நீங்கள் சரியாகச் சொல்கிறீர்கள் என்றார். மொழிகளுக்குள் உறவு என்று நான் சொல்ல வரவில்லை. நம் நாக்குக்கு அந்த ஒலிகள் பழக்கம், அவ்வளவுதான்.

இந்தச் சொற்கள் எப்படித் தப்பின என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில் என்னை அங்கிருந்து நேராக எங்கள் ஊருக்கே கொண்டுபோய்விட்டது. 1838இல் டைகல்மன், ஷூர்மன் என்று இரண்டு ஜெர்மன் லூத்தரன் பாதிரிமார்கள் வந்தார்கள். ஜார்ஜ் ஃபைஃப் ஆங்கஸ் என்ற முதலாளி உதவியில் வந்தவர்கள். ஆங்கஸ் தெரு அவர் பெயர்தான். முல்லவிரபுர்கா, கட்லிட்பின்னா, இட்யமைட்பின்னா ஆகிய கௌணா பெரியவர்களிடம் மொழி கற்று, 1840இல் இலக்கணத்தோடு ஏறத்தாழ 2,000 சொற்களை அச்சிட்டார்கள். ஆற்றங்கரையில் பில்ட்டாவொட்லியில் கௌணா மொழியிலேயே பள்ளிக்கூடம் நடத்தினார்கள். அவர்களை அனுப்பியது டிரெஸ்டன் மிஷன். அதே மிஷன்தான் அடுத்த ஓரிரு வருடங்களில் கோர்டெஸ் ஐயரைத் தரங்கம்பாடிக்கு அனுப்பியது. பிறகு லைப்சிக்குக்கு இடம் மாறி, நாங்கள் எல்லோரும் லைப்சிக் மிஷன் என்று சொல்கிற மிஷன் ஆனது. பொறையாறு, தரங்கம்பாடிப் பக்கம் எத்தனை தடவை செயின் இழுத்திருக்கிறேன்! இதை ஆசிரியையிடம் சொன்னபோது அவர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார்.

அப்படியானால் தெருப்பெயர்களில் இருக்கும் ஒரு மனிதரின் பணம்தான் சதுக்கங்களின் இரண்டாவது பெயர்களுக்கு ஒரு வழியில் உதவியிருக்கிறது. நடை இந்த இழையைப் பிடித்துக்கொண்டு போனால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஆங்கஸ் தெருவில் தொடங்கி, சொற்கள் போன வழியே சதுக்கங்களுக்குப் போகலாம். இதையும் அவரிடமே சொன்னேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மகள், பேரனோடு நானே போனேன். நகருக்குள் டிராம் இலவசம், தெற்கு டெரஸ் வரை காசில்லாமல் போகலாம். முதலில் வடக்கு அடிலெய்டில் வெலிங்டன் சதுக்கம், அதாவது குட்னாட்டு. மூன்றாவதாகப் பிறந்த பெண் என்பதுதான் அந்தப் பெயருக்குப் பொருள். பிறப்பு வரிசைப்படி பெயர் வைப்பது கௌணா வழக்கம். குட்னாட்டு 1848இல் தாமஸ் ஆடம்ஸ் என்ற வெள்ளைக்காரரைச் சட்டப்படி மணந்தவர். தென் ஆஸ்திரேலியாவில் அப்படி நடந்த முதல் திருமணம் அது. கிளேர் பக்கத்தில் ஸ்கில்லகாலி ஓடைக்கு அருகே அவர் பெயரில் நிலம் கொடுத்தார்கள், அவர் உயிரோடு இருக்கும்வரை மட்டும் என்று. 1855இல் அவர் இறந்ததும் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது அரசு. கணவனுக்கும் இல்லை, பிள்ளைகளுக்கும் இல்லை. பட்டா மாறுதல் மனுக்களோடு வாழ்ந்தவன் நான். அந்தச் சதுக்கத்தின் புல்லில் நின்றபோது அந்தக் கோப்பை நானே ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

பிறகு தெற்கே விட்மோர் சதுக்கம். மார்ஃபெட் தெரு வழியாகத்தான் போக வேண்டும். அதன் தென்பகுதிக்கு முன்பு பிரவுன் தெரு என்று பெயர், குடியேற்ற அதிகாரி ஜான் பிரவுன் நினைவாக. 1960களில் அதை மார்ஃபெட்டோடு சேர்த்துவிட்டார்கள்; 1837 குழுவில் இருந்தவரே தெருவை இழந்திருக்கிறார்.

விட்மோர் என்பவர் 1834இல் தென் ஆஸ்திரேலிய மசோதாவைக் கொண்டுவந்த உறுப்பினர். அவரும் வரவில்லை. சதுக்கத்தின் இரண்டாவது பெயர் இபரிச்சி, தங்கைராவின் மகள். தாய் பெயர் ஹர்ட்டில் சதுக்கத்துக்கு, மகள் பெயர் இதற்கு. நடந்தே போய்விடுகிற தூரம். இபரிச்சிதான் கௌணா மொழியோடு வளர்ந்து அதைப் பேசிவந்த கடைசி மனிதர் என்று அறியப்படுபவர், 1929இல் இறந்தார். அதன் பிறகு அறுபது வருடம் கழித்து, அந்த இரண்டு பாதிரிமார்களின் சொல்லேட்டை வைத்துத்தான் கௌணா மக்கள் மொழியை மறுபடி பேசத் தொடங்கினார்கள். என் பேரன் பள்ளியில் காலையில் ‘நீனா மாணி’ என்று வணக்கம் சொல்கிறான். நலமா என்று பொருளாம். பலகையைப் பார்த்து, ‘தாத்தா, இதைத் தமிழ்ல எழுதுங்க’ என்றான். எழுதிக் கொடுத்தேன்.

போகிறவர்களுக்கு: தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். நடை முடியும் இடத்துக்குப் பக்கத்திலேயே கூஜர் தெருவில் சென்ட்ரல் மார்க்கெட், சனிக்கிழமை திறந்திருக்கும், சாப்பாட்டுக்குக் கவலையில்லை. பதிவு செய்யும்போதே சதுக்கங்களுக்கு அதிக நேரம் வேண்டும் என்று ஆசிரியையிடம் சொல்லிவிடுங்கள், கேட்பார். முடிந்தால் வடக்கு அடிலெய்டுக்கும் விட்மோருக்கும் மறுநாள் நீங்களே போய் வாருங்கள்.

ஊருக்குத் திரும்பும் முன் ஆறு சதுக்கங்களின் பெயரையும் தமிழில் பெரிதாக எழுதி, உச்சரிப்பை ஒருமுறை அவரிடம் சரிபார்த்து, அந்தத் தாளை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த முறை தமிழர் யாராவது வந்தால் வரைபடத்தோடு சேர்த்துக் கொடுப்பதாகச் சொன்னார். வரைபடத்தில் டேனியல் வேக்ஃபீல்டைத் திருத்தியாயிற்று என்று போன வாரம் மகளுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார்.